மண்ணில் பொறித்த பெயர்

பானை வாங்கும்போது அதை விரலால் தட்டிப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். ஓசை கணீரென்று எழுமாயின் அது நன்கு வெந்த பானை. ஓசை கம்மிப்போனால் எங்கோ கீறல் உண்டென்று அறிந்து அதை ஒதுக்கிவிடுகின்றோம். பானையின் குணத்தை இவ்வாறு சோதித்து அறியும் நாம், அதை வனைந்தவரின் பெயர் யாதென்று வினவுவதில்லை. அவரும் தம் பெயரை அதில் பொறிப்பதில்லை. சிற்பிக்கும் கவிஞருக்கும் கிடைக்கும் புகழ் குயவருக்குக் கிடைப்பது அரிது. உலகின் பல பகுதிகளிலும் இதுவே நிலை.

இந்நிலைக்கு மாறாக நின்ற குயவர் ஒருவரைப் பற்றி இங்கே கூறப் புகுகின்றோம். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தெற்கு கரோலைனா மாநிலத்தில், எட்ஜ்ஃபீல்டு என்னும் சிற்றூரையொட்டிய வட்டாரத்தில் வாழ்ந்தவர். பெயர் டேவ். அவர் ஓர் அடிமை. அவருடைய உடலும், உழைப்பும், அவர் செய்த பாண்டமும் பிறருடைய உடைமை என்று சட்டம் வகுத்திருந்தது. அத்தகைய காலத்தில் அவர் தாம் வனைந்த சாடிகளின் தோளில் தம் பெயரை எழுதினார். நாளும் திங்களும் ஆண்டும் எழுதினார். சிலவற்றில் எதுகையமைந்த ஈரடிச் செய்யுளும் எழுதினார். அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றமாயிருந்த மாநிலத்தில் இது நிகழ்ந்தது. இதன் பொருளை உணர வேண்டுமாயின், முதலில் அவ்வூரின் மண்ணையும் தொழிலையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

ஊரும் மண்ணும்

எட்ஜ்ஃபீல்டு, தெற்கு கரோலைனாவின் மேற்கு எல்லைப் பகுதியில், சவான்னா ஆற்றுக்கு அண்மையில் உள்ளது. ஆற்றைக் கடந்தால் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டா நகரம். உள்நாட்டு மேட்டு நிலம் தாழ்ந்து கடற்கரைச் சமவெளியோடு சேரும் வட்டாரம் இது. இங்கே வெண்களிமண்ணும் மணலும் ஏராளம். விறகுக்குக் காடுகளும் ஓடைநீரும் உண்டு. குயவுத் தொழிலுக்கு வேண்டியவை இவைதாமே? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆப்னர் லாண்டிரம் என்னும் மருத்துவர் இம்மண்ணின் தன்மையை அறிந்து, எட்ஜ்ஃபீல்டுக்கு அருகே ஒரு தொழிற்கூடம் அமைத்தார். அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்குப் பாட்டர்ஸ்வில் என்று பெயர். குயவர் ஊர் என்பது அதன் பொருள். பின்னர் லாண்டிரம் குடும்பத்தாரும் அவருடைய உறவினரும் அவ்வட்டாரத்தில் பல சூளைகளை நடத்தினர்.

குயவர் ஊர் என்று பெயர் பெற்றதேயன்றி, அங்கு மண் வெட்டியவர், மிதித்தவர், வனைந்தவர், விறகு பிளந்தவர், சூளைக்கு எரியிட்டவர் ஆகியோரில் பெரும்பாலோர் அடிமைகளே. அம்மாநிலத்தில் அவர்கள் சிறுபான்மையினர் அல்லர். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தெற்கு கரோலைனாவின் மக்கள்தொகை 7,03,708. அவர்களுள் 4,02,406 பேர் அடிமைகள். அதாவது, மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் விலைப்பொருளாகக் கருதப்பட்டனர்.

கசியாத சாடி

நமக்குப் பழக்கமான மண்பானை நீரைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். கசிந்த நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் உடன் கொண்டு செல்கின்றது. ஆகவே உள்ளே உள்ள நீர் குளிர்ச்சியடைகின்றது. கோடையில் இது பெரிய நன்மை. ஆனால் உப்பிட்ட இறைச்சியையோ கொழுப்பையோ மாதக்கணக்கில் சேமித்து வைக்க இத்தகைய பானை உதவாது. எட்ஜ்ஃபீல்டு வட்டாரத்துப் பருத்தித் தோட்டங்களில் நூற்றுக்கணக்கானோருக்கு உணவு சேமிக்க வேண்டியிருந்தது. பன்றி இறைச்சியை உப்பிலிட்டும், கொழுப்பை உருக்கியும் பெரிய சாடிகளில் வைத்தனர். அச்சாடிகள் கசியலாகாது, உப்பினால் அரிக்கப்படவும் கூடாது. நம் வீடுகளில் ஊறுகாய் போட்டுவைக்கும் பீங்கான் சாடி எவ்வாறு உப்பையும் புளிப்பையும் தாங்குகின்றதோ, அவ்வாறே அதுவும் தாங்க வேண்டும்.

இத்தன்மை இரண்டு வகையால் அமைகின்றது. முதலாவது, சூடு. சாதாரணப் பானையைச் சுடுவதைவிட மிகக் கூடுதலாக, ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுட்டால், தகுந்த களிமண்ணின் துகள்கள் தம்முள் இறுகி, கல்லைப் போன்ற கெட்டித்தன்மை அடைகின்றன. இரண்டாவது, மேற்பூச்சு. பாண்டத்தின் மேல் பூசப்படும் குழம்பு, சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படிந்துவிடுகின்றது. அக்காலத்தில் ஈயம் கலந்த பூச்சு பரவலாக வழங்கியது. ஈயம் உணவில் கலந்தால் நஞ்சு என்பதும் தெரிந்தே இருந்தது. உப்பைச் சூளையில் தூவி மெருகேற்றும் முறையும் உண்டு. ஆயின் அதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். எட்ஜ்ஃபீல்டுக் குயவர்கள் வேறு வழியைக் கையாண்டனர். மரச்சாம்பலையோ சுண்ணாம்பையோ, மணலோடும் களிமண்ணோடும் நீர் விட்டுக் கலந்து பூசினர். சாம்பலிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரப்பொருள், மணலை எளிதில் உருகச் செய்கின்றது. எல்லாமே கைக்கெட்டும் பொருள்கள், நஞ்சும் இல்லை. சீனத்தில் நெடுங்காலமாக வழங்கிய மெருகு முறையோடு இது ஒத்திருப்பது கருதத்தக்கது.

இம்மெருகின் நிறத்தை முன்கூட்டி உறுதிசெய்ய இயலாது. மண்ணிலுள்ள இரும்புச் சத்தும், சூளையுள் புகும் காற்றின் அளவும் நிறத்தை வகுக்கின்றன. காற்றுக் குறைந்து புகை மண்டினால் ஆலிவ்காய்ப் பச்சை. காற்று மிகுந்தால் பழுப்பு. உருகிய மெருகு சில இடங்களில் வழிந்து, மழைநீர் ஓடிய தடம்போல் கோடுகளாக உறைந்து நிற்பதையும் காணலாம். சூளைகளும் சிறியன அல்ல. பாட்டர்ஸ்வில்லில் 2011இல் நடைபெற்ற அகழாய்வு, 100 அடிக்கும் மேல் நீண்ட சூளை ஒன்றன் அடித்தளத்தை வெளிப்படுத்தியது. இது வீட்டுத் திண்ணையில் நடந்த கைத்தொழில் அன்று. அடிமைகளின் உழைப்பால் நடந்த பேருற்பத்தி என்பதற்கு இது சான்று.

அடமானப் பத்திரத்தில் ஓர் இளைஞர்

டேவ் 1801ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். அவரைப் பற்றிய முதற்குறிப்பு என்று கருதப்படுவது 1818ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் அடமானப் பத்திரம். ஏறத்தாழப் பதினேழு வயதுள்ளவர், அந்நாட்டிலேயே பிறந்தவர் என்ற இரண்டு செய்திகளோடு டேவ் என்னும் இளைஞர் அதில் குறிக்கப்படுகிறார். நிலத்தையும் மாட்டையும் ஈடு வைப்பதுபோல் மனிதரையும் ஈடு வைத்துக் கடன் பெற்ற காலம் அது. அவரை உடைமையாகக் கொண்டிருந்தவர் ஆப்னர் லாண்டிரத்தின் உறவினரான ஹார்வி டிரேக். 1832இல் ஹார்வி டிரேக் இறந்தபின், டேவ் லாண்டிரம் – டிரேக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களிடையே கைம்மாறிக்கொண்டே இருந்தார். இறுதியில், ஜான் லாண்டிரம் என்பவரின் மருமகனான லூயிஸ் மைல்ஸ் என்பவரிடம் நெடுங்காலம் வேலை செய்தார். டேவ் வனைந்த சாடிகள் பலவற்றில் அவருடைய பெயரோடு மைல்சின் பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் உள்ளன. ஒன்று செய்தவரின் பெயர். மற்றொன்று விற்றுப் பணம் பெற்றவரின் பெயர்.

டேவ் எழுதக் கற்றது எவ்வாறு? ஆப்னர் லாண்டிரம் எட்ஜ்ஃபீல்டில் ஒரு செய்தித்தாளும் நடத்தினார். அதன் அச்சுக்கூடத்தில் டேவ் வேலை செய்து எழுத்தறிந்திருக்கலாம் என்று அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. சமயப்பற்று மிக்க அக்குடும்பங்கள் விவிலியம் படிப்பதற்காகக் கற்பித்திருக்கலாம் என்பது வேறு சிலர் கருத்து. எவ்வாறாயினும், அவருடைய கையெழுத்து தயக்கமின்றி ஓடும் கூட்டெழுத்து. பழகிய கை எழுதியது என்பது பார்த்த அளவிலேயே விளங்கும்.

எழுத்தும் சட்டமும்

டேவ் எழுதிய செய்யுள்களுள் அறியப்பட்டவற்றில் மிகப் பழையது 1834 ஜூலைத் திங்களைச் சேர்ந்தது. சாடி எவ்வளவு கொள்ளும் என்பதை அது எதுகையோடு அறிவிக்கின்றது. அவ்வாண்டு டிசம்பரில், தெற்கு கரோலைனாச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அடிமைக்கு எழுதக் கற்பிப்பது 1740 முதலே அங்குத் தடுக்கப்பட்டிருந்தது. புதிய சட்டம் படிக்கக் கற்பிப்பதையும் குற்றமாக்கியது. கற்பித்தவர் வெள்ளையராயின் 100 டாலர் வரை அபராதமும் ஆறு திங்கள் வரை சிறையும். கற்பித்தவர் அடிமையாயின் ஐம்பது வரை கசையடி. மூன்றாண்டுகளுக்கு முன், 1831இல், வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்னும் அடிமையின் தலைமையில் ஒரு கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டது. டர்னர் எழுத்தறிந்தவர், விவிலியத்தை ஓதிப் பிறருக்கு எடுத்துரைத்தவர். அதன்பின் தென்மாநிலங்கள் பலவும் எழுத்தைக் கண்டு அஞ்சின. எழுதத் தெரிந்தவன் தன்னிச்சையாக ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டை எழுதிக்கொள்வான். படிக்கத் தெரிந்தவன் செய்தித்தாளைப் படிப்பான். அச்சத்திற்குக் காரணம் இதுவே.

இச்சூழ்நிலையில் டேவ் எழுதினார். எங்கே எழுதினார் என்பதையும் கவனித்தல் வேண்டும். தாளில் எழுதியிருந்தால் மறைக்கலாம், எரிக்கலாம். அவர் எழுதியதோ, தோட்டத்துச் சமையற்கட்டிலும் உணவுக் கிடங்கிலும் பலர் கண்படும்படி நிற்கும் சாடியின் தோள்மேல். வனைந்த பாண்டம் ஓரளவு உலர்ந்து, தோலைப்போல் விறைத்த பதத்தில் இருக்கும்போதுதான் எழுதுதல் கூடும். ஈரம் மிகுந்தால் கோடு கரைந்து ஓடும். முற்றிலும் உலர்ந்தால் மண் உதிரும். அந்தப் பதத்தை நோக்கியிருந்து, கூரிய முனையால் கீறி, மெருகு பூசிச் சூளையில் ஏற்றிவிட்டால் பின்பு அதை அழிக்க ஒரே வழி சாடியை உடைப்பது. சாடிக்கோ விலை உண்டு; உடைமையாளர் அதை உடைக்க மனங்கொள்ளார். மண்ணும் நெருப்பும் அவருடைய எழுத்துக்குக் காவலாக நின்றன.

அறியப்பட்ட செய்யுட் சாடிகள் முப்பதுக்கு மேற்பட்டவை. பெயர் மட்டும் பொறித்தவையும் சேர்ந்தால் நூற்றுக்கு மேல். செய்யுள்களின் பொருள் பலவகை. சாடியில் எதை வைக்கலாம் என்று வாங்குபவருக்குச் சொல்வன சில. விவிலியச் செய்திகளைக் கூறுவன சில. நகைச்சுவை உள்ளவை சில. 1859 ஜூலை 4ஆம் நாளிட்ட ஒரு சாடியில் அமெரிக்க விடுதலைத் திருநாளின் குழலோசையும் முரசொலியும் பேசப்படுகின்றன. விடுதலை பெறாத ஒருவர் விடுதலைத் திருநாளை எழுதினார். அதில் முறையீடு இல்லை. அந்த நாளையும் தம் பெயரையும் ஒரே சாடியில் வைத்தார். படிப்பவர் பொருளைத் தாமே உணர்ந்துகொள்ள விட்டுவிட்டார்.

1840க்குப்பின் 1857 வரை, பதினேழு ஆண்டுகளைச் சேர்ந்த செய்யுட் சாடி இதுவரை அறியப்பட்டவற்றுள் இல்லை. தடைச் சட்டத்தின் அச்சம் காரணமா, உடைமையாளர் மாறியது காரணமா என்று ஆய்வாளர் பலவாறு கருதுவர். அப்பதினேழு ஆண்டுகளிலும் அவர் சக்கரத்தை விட்டு நீங்கவில்லை. பின்னர் மைல்சின் கூடத்தில் செய்யுள் மீண்டும் எழுந்தது.

சுற்றம் எங்கே?

அவ்வாறு மீண்டும் எழுந்த செய்யுள்களுள் ஒன்று 1857 ஆகஸ்டு 16ஆம் நாளைச் சேர்ந்தது. தம் சுற்றத்தாரைப் பற்றிய ஒரு வினாவையும், உலகத்தாரை நோக்கிய ஒரு நல்லெண்ணத்தையும் அது சுமந்து நிற்கின்றது. டேவ் எழுதியவற்றுள் இன்று பெரிதும் பேசப்படுவது இதுவே.

அந்த வினாவின் பின்னணி இது. 1808 முதல் அமெரிக்காவுக்கு வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்வது சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆனால் உள்நாட்டு விற்பனை தடைப்படவில்லை, மாறாக, பெருகியது. மேற்கே புதிதாகப் பருத்தி பயிரிட்ட அலபாமா, மிசிசிப்பி, லூயிசியானா ஆகிய மாநிலங்களுக்கு, தெற்கு கரோலைனா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து பல்லாயிரவர் விற்கப்பட்டனர். அல்லது குடிபெயர்ந்த உடைமையாளரோடு கொண்டு செல்லப்பட்டனர். கணவன் ஓரிடம், மனைவி வேறிடம், குழந்தை பிறிதோரிடம் என்று குடும்பங்கள் சிதறின. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்ளாமையால், பிரிப்பதற்குத் தடையும் இல்லை. டிரேக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் 1830களில் லூயிசியானாவுக்குச் சென்றனர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். டேவ் எட்ஜ்ஃபீல்டிலேயே நின்றார்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு உறவினரைப் பிரிந்திருத்தல் புதிதன்று. ஆயினும் நம் பிரிவையும் அவர் பிரிவையும் ஒன்றாக வைத்து எண்ணலாகாது. நாம் பிழைப்பை நாடி, விரும்பிய இடத்துக்கு வந்தோம். தாய் எங்கே இருக்கிறாள், தம்பி எந்த ஊரில் இருக்கிறான் என்பது நமக்குத் தெரியும். கடிதம் எழுதுகின்றோம், தொலைபேசியில் குரல் கேட்கின்றோம், பொங்கலுக்கு இரயிலேறுகின்றோம். தம்மவர் எந்தத் திசையில் உள்ளனர் என்பதையே அறியாதவருக்குக் கடிதம் எழுத முகவரி ஏது? அவர் எழுதியது முகவரியற்ற கடிதம். விற்பனைக்குச் செல்லும் சாடியின் மேல் அதை எழுதினார். சாடி ஊர் ஊராகச் செல்லும். அவர் செல்ல முடியாது. வினாவைச் சாடியோடு அனுப்பினார். வினாவோடு நில்லாமல் எல்லா நாட்டார்க்கும் நட்புரைத்தாரே, அந்த உள்ளத்தின் பெருமை எண்ணுந்தோறும் வியப்பளிக்கின்றது.

பெருஞ்சாடிகள்

எழுத்தைப் பற்றியே பேசி அவருடைய கைத்திறனை மறந்துவிடலாகாது. அவர் எழுதாமலே இருந்திருந்தாலும் பெருங்குயவரே. 1859 மே 13ஆம் நாளிட்ட இரண்டு சாடிகள் சார்ல்ஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒவ்வொன்றும் 40 காலனுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 150 லிட்டர், கொள்ளத்தக்கது. இரண்டடிக்கு மேற்பட்ட உயரமுடையது. அவ்வளவு பெரிய பாண்டத்தை ஒரே உருண்டை மண்ணிலிருந்து ஒரே மூச்சில் சக்கரத்தில் எழுப்புதல் இயலாது. சுவர் தன் பாரத்தாலேயே சரிந்துவிடும். ஆகவே அடிப்பகுதியை முதலில் வனைந்து, சற்று விறைக்கவிட்டு, அதன் விளிம்பின்மேல் கயிறுபோல் திரித்த மண்ணை வளைய வளையமாக ஏற்றி, சக்கரத்தை மீண்டும் மெல்லச் சுழற்றி இணைத்துச் சுவரை உயர்த்த வேண்டும். கீழ்ப்பகுதி மிக உலர்ந்துபோனால் மேற்பகுதி ஒட்டாது. மிக ஈரமாயிருந்தால் தாங்காது. உலரும்போதும் வேகும்போதும் பாண்டம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சுவர் ஒரே கனமாக இல்லாவிடில் அச்சுருக்கத்தில் வெடித்துப் பிளக்கும்.

இது ஒருவர் மட்டும் செய்யக்கூடிய வேலையும் அன்று. அப்பெருஞ்சாடிகளில் டேவின் பெயரோடு பாட்லர் என்னும் மற்றோர் அடிமையின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. உடன் உழைத்தவர் பெயரை மறவாது எழுதிய பண்பு கருதத்தக்கது. டேவ் ஒரு காலை இழந்தவர் என்றும், கைகளை இழந்த வேறொருவர் காலால் சக்கரத்தை இயக்க, இவர் கையால் வனைந்தார் என்றும் அவ்வூரில் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. முழு உடல் பெற்ற ஒருவர் செய்யும் வேலையை இருவர் சேர்ந்து நிறைவேற்றினர் என்பதே அச்செய்தியின் சாரம்.

கணக்கெடுப்பில் வந்த பெயர்

டேவின் செய்யுள்களுள் அறியப்பட்ட இறுதியானது 1862 மே திங்களைச் சேர்ந்தது. அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1865இல் போர் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் நடைமுறைக்கு வந்து அடிமை முறை நாடெங்கும் ஒழிந்தது. டேவ் ஏறத்தாழ அறுபத்துநான்கு வயதில் விடுதலை பெற்றார்.

இங்கே அரசாங்கக் கணக்கெடுப்பைப் பற்றி ஒரு செய்தி கூறுதல் வேண்டும். 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் எடுத்த கணக்கில் அடிமைகளுக்குத் தனிப்பட்டியல் இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் எழுதப்பட்டது. அதன்கீழ் அடிமைகள் வயது, பால், நிறம் என்ற மூன்றால் மட்டும் குறிக்கப்பட்டனர். ஏறத்தாழ எவருக்கும் பெயர் எழுதப்படவில்லை. அரசாங்கத்தின் ஏட்டில் டேவ் ஒரு வயதும் ஒரு கோடும் மட்டுமே. அதே ஆண்டுகளில் அவர் தம் ஏட்டைத் தாமே எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஏடு மண்ணாலானது. 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக அவர் பெயர் இடம்பெற்றது: டேவிட் டிரேக், வயது 70, தொழில், சக்கரத்தில் பாண்டம் வனைபவர். தம்மை முதலில் உடைமையாகக் கொண்டிருந்த குடும்பத்தின் பெயரையே அவர் குடும்பப் பெயராக ஏற்றிருந்தார். விடுதலை பெற்ற பலர் செய்தது அதுவே. 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர் பெயர் இல்லை. ஆகவே 1870களில் காலமாகியிருத்தல் வேண்டும்.

யாருடைய சாடி?

அவர் மறைந்தபின் நெடுங்காலம் அச்சாடிகள் பண்ணை வீட்டுப் பின்கட்டுகளிலும் கிடங்குகளிலும் கிடந்தன. சார்ல்ஸ்டன் அருங்காட்சியகம் 1919இல் ஒரு சாடியைப் பெற்றது முதல் அறிஞர் கவனம் சிறிது சிறிதாகத் திரும்பியது. 1998இல் தெற்கு கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்கெனவே ஒரு கண்காட்சி நடத்தியது. அவரை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பங்களின் வழிவந்த லெனர்டு டாட் என்பவர், அவர் வரலாற்றை ஆராய்ந்து 2008இல் ஒரு நூல் வெளியிட்டார். 2022இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், எட்ஜ்ஃபீல்டின் கறுப்பினக் குயவர்களைப் பற்றிய பெருங்கண்காட்சி ஒன்றைத் தொடங்கியது. அக்கண்காட்சி பிற நகரங்களுக்கும் சென்றது.

புகழ் ஏற விலையும் ஏறியது. 2021இல் டேவ் செய்த ஒரு சாடி, ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. 1857இல் எழுதிய ஒரு செய்யுளில் டேவ் பணத்தைப் பற்றி எள்ளலாகப் பேசுகிறார். விற்ற பணம் தம் கைக்கு வாராது என்பதை நன்கறிந்தவர் எழுதிய எள்ளல் அது. ஆகவே ஒரு வினா தானே எழுகின்றது. சாடியை முதலில் விற்றவர் அதைச் செய்தவர் அல்லர். செய்தவரின் இசைவும் பெறப்படவில்லை. அவ்வாறாயின், பின்வந்த விற்பனைகள் எத்தகையவை?

இவ்வினாவுக்கு 2025இல் ஒரு விடை கிடைத்தது. பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகம், தன்னிடம் இருந்த டேவின் இரண்டு பாண்டங்களின் உரிமையை அவருடைய வழித்தோன்றல்களிடம் ஒப்படைத்தது. இரண்டும் 1857ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. பணத்தைப் பற்றிய செய்யுள் உள்ள சாடி அவற்றுள் ஒன்று. பின்னர் அச்சாடியை வழித்தோன்றல்களிடமே விலைகொடுத்து அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. மற்றொன்றை அவர்கள் காட்சிக்காக இரவலாக விட்டுவைத்தனர். வேற்றுநாட்டுக் கோயிற் சிலைகளைத் திருப்பித் தருதல் போன்ற செய்திகளை நாம் கேட்டிருக்கின்றோம். அவை திருடப்பட்டவை. இதுவோ, செய்த காலத்தில் எல்லாச் சட்டங்களுக்கும் உட்பட்டே விற்கப்பட்ட பொருள். சட்டத்துக்கு உட்பட்டிருந்தும் நீதிக்குப் புறம்பானது என்று 168 ஆண்டுகளுக்குப்பின் ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இதுவே இந்நிகழ்ச்சியின் சிறப்பு.

இந்த உரிமையை மெய்ப்பிக்க எந்தச் சான்று உதவியது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். எட்ஜ்ஃபீல்டில் அக்காலத்தில் வேறு பல அடிமைக் குயவரும் உழைத்தனர். அவர்களுடைய பாண்டங்களும் அருங்காட்சியகங்களில் உள்ளன; ஆனால் அவற்றுள் மிகப் பலவற்றில் பெயர் இல்லை. எந்தப் பாண்டம் யார் செய்தது என்று சொல்ல இயலாமையால், எந்தக் குடும்பத்துக்குத் திருப்பித் தருவது என்றும் சொல்ல இயலாது. டேவின் சாடிக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. சாடியே சான்று கூறுகின்றது. உடைமை கொள்ளும் உரிமையற்றிருந்த ஒருவர், மண் உலர்வதற்குமுன் கிடைத்த சிறுபொழுதில் எழுதிவைத்த நான்கெழுத்துப் பெயர், ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் அவருடைய சந்ததியாருக்கு உடைமைப் பத்திரமாயிற்று.